ட்ரீம் தியேட்டர்: 16 ஆல்பங்களை எந்த வரிசையில், எப்படிக் கேட்பது – முழு வழிகாட்டி

1989-இல் வந்த முதல் ஆல்பம் தொடங்கி 2025 பிப்ரவரியில் வந்த 'பாராசோம்னியா' வரை, மெட்டல் இசையில் நீண்ட, சிக்கலான பாட்டுகளை வாசிக்கும் அமெரிக்கக் குழுவான ட்ரீம் தியேட்டருக்கு 16 ஸ்டுடியோ ஆல்பங்கள். போதாததற்கு ஒரு ஈ.பி. (ஆல்பத்தைவிடச் சிறிய வெளியீடு), ஏகப்பட்ட நேரலைப் பதிவுகள். புதிதாக வருகிறவர் பட்டியலைப் பார்த்தே மலைத்துப் போவார். ஒழுங்கு விரும்பிகள் முதல் ஆல்பத்திலிருந்து ஆண்டு வரிசையில் பிடிப்பார்கள். அங்கே பாடுவது வேறு ஆள், ஒலிப்பதிவும் மெலிந்தது. இரண்டு பாட்டிலேயே 'இதற்கா இவ்வளவு பேச்சு' என்று மூடிவிடுவார்கள். அவசரக்காரர்கள் கண்ணில் பட்ட மிக நீளமான பாட்டைப் போட்டு, பத்தாவது நிமிடத்தில் செல்போனை நோண்டத் தொடங்குவார்கள்.

இந்தக் குழுவைப் புரிந்துகொள்ள இரண்டு நாற்காலிகளைக் கவனித்தால் போதும்: கீபோர்டு, டிரம்ஸ். கிட்டார் ஜான் பெட்ரூச்சியும் பேஸ் ஜான் மியாங்கும் எல்லா ஆல்பத்திலும் இருக்கிறார்கள். இரண்டாம் ஆல்பத்திலிருந்து குரல் ஜேம்ஸ் லாப்ரீ. மாறிக்கொண்டே வந்தது அந்த இரண்டு நாற்காலிகள்தான். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒலியும் மாறியது. கீழே உள்ள வரிசை அதை வைத்துத்தான் போடப்பட்டது.

கேட்பதற்கு முன்: மூன்று அமைப்புகள்

இசைச் செயலியில் ஷஃபிளை அணையுங்கள். ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேடையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். ட்ராக்குகளுக்கு நடுவே இடைவெளி விடாமல் ஓட்டும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். சாதாரணப் பாட்டுகளுக்கு இதெல்லாம் பெரிய விஷயமில்லை. இங்கே விஷயம்தான். இவர்களுடைய பல ஆல்பங்களில் ஒரு ட்ராக்கின் கடைசி ஒலி அடுத்ததன் முதல் ஒலியாக நீள்கிறது. நடுவில் அரை நொடி மௌனம் விழுந்தாலோ, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலோ அந்த ஒட்டு அறுந்துவிடும். 2002-இல் வந்த 'சிக்ஸ் டிகிரீஸ் ஆஃப் இன்னர் டர்புலன்ஸ்' ஆல்பத்தின் இரண்டாம் தட்டு முழுக்க ஒரே பாட்டு: 42 நிமிடம், எட்டு ட்ராக்குகளாக வெட்டியது. அதை ஷஃபிளில் கேட்டால் ஒரு நாவலின் அத்தியாயங்களைக் குலுக்கிப் போட்டுப் படித்த கதைதான்.

நேரக் கணக்கு: வாரத்துக்கு ஒரு ஆல்பம், மூன்று முறை. முதல் முறை சும்மா கேட்பது. இரண்டாம் முறை பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு. மூன்றாம் முறை ஒரே வாத்தியத்தை மட்டும் தொடர்வது. மூன்றாவதற்கு மியாங்கின் பேஸைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கூட்டத்தில் அமைதியாக நிற்கும் ஆள், ஆனால் காது பழகியதும் மற்றவர்கள் சாய்ந்து நிற்கும் சுவர் அவர்தான் என்று தெரியும். மியாங் வாசிப்பது பெரும்பாலும் ஆறு தந்தி பேஸ். சிறிய ஒலிபெருக்கியில் அது கேட்கவே கேட்காது, ஹெட்ஃபோன் வேண்டும்.

பின்னணி, சுருக்கமாக

1985-இல் பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரியில் பெட்ரூச்சி, மியாங், டிரம்ஸ் வாசித்த மைக் போர்ட்னாய் மூவரும் சேர்ந்து தொடங்கியபோது குழுவின் பெயர் மெஜஸ்டி. லாஸ் வேகாஸில் அதே பெயரில் இன்னொரு குழு இருந்ததால் மாற்ற வேண்டி வந்தது. கலிஃபோர்னியாவின் மான்டரேயில் இருந்த ஒரு திரையரங்கின் பெயரைச் சொன்னவர் போர்ட்னாயின் அப்பா. அந்தப் பெயர்தான் இன்றுவரை.

கீபோர்டில் முதலில் கெவின் மூர், 1994 வரை. அடுத்து டெரெக் ஷெரீனியன், 1999 தொடக்கம் வரை. அதன்பின் இன்றுவரை ஜோர்டன் ரூடெஸ். டிரம்ஸில் 2010 வரை போர்ட்னாய், பிறகு மைக் மாஞ்சினி, 2023 அக்டோபரில் மறுபடியும் போர்ட்னாய்.

படி 1: 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' (1992)

தொடங்க வேண்டிய இடம் இது. எட்டுப் பாட்டு, 57 நிமிடம். ஏறத்தாழ 200 பேரின் குரலைச் சோதித்துப் பார்த்த பிறகு கனடாவிலிருந்து வந்த லாப்ரீயின் முதல் ஆல்பம்.

முதல் பாட்டு 'புல் மீ அண்டர்'. 8 நிமிடம் 14 நொடி. தனிக் கிட்டாரில் தெளிவான இழையாகத் தொடங்கி, அதன்மேல் டிரம்ஸ் ஏறி, பிறகுதான் கனத்த ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத் துணுக்கு) விழுகிறது. அந்த ஏற்றத்தை அவசரப்படாமல் கவனியுங்கள். பின்னால் வரும் 20 நிமிடப் பாட்டுகளெல்லாம் இதே உத்தியின் பெரிய வடிவங்கள். வரிகளை எழுதியவர் கெவின் மூர், கரு ஷேக்ஸ்பியரின் ஹேம்லெட். முடிவில் பாட்டு வாக்கியத்தின் நடுவே கத்தரித்ததுபோல் சட்டென்று அறுந்துவிடும். கோப்பு கெட்டுப்போனது என்று நினைத்து மறுபடி தரவிறக்கம் செய்தவர்கள் உண்டு. முடிவே அதுதான், செத்துப்போகிறவனின் நினைவு அறுவதுபோல.

கேட்கும்போது ஸ்னேர் டிரம்மின் (சுளீரென்று ஒலிக்கும் சிறிய டிரம்) ஒலி ஏதோ இயந்திரத்தனமாக, அடிக்கு அடி ஒரே மாதிரி இருப்பதாகத் தோன்றலாம். உங்கள் காதில் கோளாறு இல்லை. தயாரிப்பாளர் டேவிட் பிரேட்டர், போர்ட்னாய் அடித்த அடியின்மேல் முன்பே பதிவு செய்த மாதிரி ஒலியை ஏற்றினார். போர்ட்னாய்க்கு அது கடைசிவரை பிடிக்கவில்லை. 2008-இல் வந்த தொகுப்பில் இந்த ஆல்பத்தின் மூன்று பாட்டுகளைக் கெவின் ஷர்லி மறுகலவை செய்திருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், ஒலிக்கலவை என்றால் என்ன என்று பாடம் எடுக்கத் தேவையே இருக்காது. அந்தத் தொகுப்பின் பெயரே ஒரு கேலி: 'ஒரு ஹிட்டும், இன்னும் 21 நல்ல பாட்டுகளும்' என்று பொருள்படும். அந்த ஒரே ஹிட்தான் 'புல் மீ அண்டர்'.

இந்த ஆல்பத்தில் விடக்கூடாத ஒரு ஜோடி: 'வெயிட் ஃபார் ஸ்லீப்' என்ற இரண்டரை நிமிடப் பியானோப் பாட்டும், அதை அடுத்து வரும் 'லேர்னிங் டு லிவ்'வும். முதலாவதன் பியானோ இழை இரண்டாவதன் நடுவே மறுபடி தலைகாட்டும். அது உங்களுக்கே கேட்டுவிட்டால் அடுத்த படிக்குப் போகலாம். கேட்காவிட்டால் இன்னொரு முறை ஓட்டுங்கள். இந்தக் குழுவைக் கேட்பதென்பதே பெரும்பாலும் திரும்பி வருவதை அடையாளம் காண்பதுதான்.

படி 2: 'மெட்ரோபொலிஸ்' பகுதி 1, உடனே பகுதி 2

'இமேஜஸ்' ஆல்பத்தின் ஐந்தாம் பாட்டு 'மெட்ரோபொலிஸ் பகுதி 1'. அந்த 'பகுதி 1' என்பது முதலில் ஒரு விளையாட்டு. இரண்டாம் பகுதி எழுதும் எண்ணம் அப்போது இல்லை. ரசிகர்கள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்ததன் விளைவு, 1999 அக்டோபரில் வந்த 'சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி': 77 நிமிடத்தில் ஒரே கதை சொல்லும் ஐந்தாம் ஆல்பம்.

இடையில் இரண்டு ஆல்பங்களைத் தாண்டிக் குதிக்கச் சொல்வது காரணத்தோடுதான். பகுதி 1-இன் மெட்டுகளும் வார்த்தைகளும் மனதில் சூடாக இருக்கும்போதுதான் பகுதி 2 முழுமையாகத் திறக்கும். 'ஹோம்' பாட்டிலும் 'தி டான்ஸ் ஆஃப் எடர்னிட்டி'யிலும் பழைய மெட்டுகள் உருமாறி வருகின்றன. அந்த இரண்டாவது தலைப்பே பகுதி 1-இன் கடைசி வரியிலிருந்து எடுத்தது.

கதை: நிக்கலஸ் என்பவர் மனோவசியச் சிகிச்சையில், முற்பிறவியில் தான் விக்டோரியா என்ற பெண், 1928-இல் கொலை செய்யப்பட்டவள் என்று அறிகிறார். ஜூலியன், எட்வர்ட் என்று இரண்டு சகோதரர்கள். கொன்றது யார்? முடிவை முன்கூட்டியே தேடிப் படிக்காதீர்கள். வரிகளில் யார் பேசுகிறார்கள் என்பதுதான் இங்கே தடுமாற்றம் தருவது. லாப்ரீ ஒருவரே எல்லாப் பாத்திரங்களையும் பாடுகிறார், அதனால் வரித்தாளில் பாத்திரப் பெயர் போட்டிருப்பதைப் பார்த்தபடி கேட்க வேண்டும். முதல் முறையிலேயே வரிகளோடு கேட்க வேண்டிய ஆல்பம் இது ஒன்றுதான்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் வரும் இரைச்சலை நிறுத்திவிடாதீர்கள். அது படி 5-க்குத் தேவை.

படி 3: தாளத்தை எண்ணக் கற்பது

'தி டான்ஸ் ஆஃப் எடர்னிட்டி' ஆறு நிமிடச் சொச்சம், வாத்தியம் மட்டும். அதற்குள் தாளக்கட்டு நூறு முறைக்கு மேல் மாறுகிறது, நடுவே பழைய சலூன் பாணி ராக்டைம் பியானோ வேறு. இதை எண்ணக் கற்றுக்கொள்ள முயல்வது நீச்சல் பழகக் கடலில் குதிப்பதுபோல. முதலில் 'ஆக்டேவேரியம்' ஆல்பத்தின் 'பேனிக் அட்டாக்' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பேஸ் தனியாகத் தொடங்குவதால் பிடிக்கச் சுலபம்.

கொன்னக்கோல் சொற்கள் இதற்கு அருமையாகக் கைகொடுக்கும். அந்த ரிஃபோடு சேர்ந்து வாயால் சொல்லுங்கள்: தகிட தகிட தக தக. மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு. மொத்தம் பத்துச் சிற்றடிகள், அதாவது ஐந்து எண்ணிக்கை. ஒவ்வொரு சுற்றின் முதல் 'த'விலும் ஒரு தட்டு. எட்டுச் சுற்று தவறாமல் வந்துவிட்டால் கை தானாகப் போகும்.

தவறு நேர்வது எங்கே? கால் பழக்கத்தில் நான்கு நான்காகத் தட்டும். ரிஃப் ஐந்தில் சுற்றுகிறது, கால் நான்கில் சுற்றுகிறது. முதல் சுற்றிலேயே ஒரு அடி விலகி, இருபது எண்ணிக்கை கழித்துத்தான் இரண்டும் மறுபடி சேரும். இடையில் 'டிரம்மர் தடுமாறுகிறாரோ' என்று சந்தேகம் வரும். இன்னொரு பொறி ஸ்னேரை நம்புவது. போர்ட்னாய் பல இடங்களில் கோணலான ரிஃபின்மேல் நேரான அடியைப் போட்டுக்கொண்டே போய், பல சுற்று தாண்டி இரண்டையும் ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்ப்பார். ஆகவே எண்ண வேண்டியது ரிஃபை. அது எப்போது முதலிலிருந்து தொடங்குகிறதோ அதுதான் சுற்று.

படி 4: 'அவேக்' (1994), 'எ சேஞ்ச் ஆஃப் சீசன்ஸ்' (1995)

'அவேக்' இருண்ட ஆல்பம். 'தி மிரர்', 'லை' இரண்டிலும் பெட்ரூச்சி ஏழு தந்திக் கிட்டாரை எடுத்தார். ஒலி தரையோடு இழுபடும். ஆல்பம் வெளிவருவதற்கு முன்பே கெவின் மூர் விலகிவிட்டார். கடைசிப் பாட்டான 'ஸ்பேஸ்-டை வெஸ்ட்' கிட்டத்தட்ட அவருடைய தனிப்பாட்டு. மேடையில் அதை வாசிக்கக் குழுவுக்கு 20 ஆண்டுகள் ஆயின. பிடிக்க நாளெடுக்கும் ஆல்பம், பிடித்தால் விடாது. குழுவின் உச்சம் எது என்று கேட்டால் இதைச் சொல்கிறவர்கள் ஏராளம், அதில் நியாயமும் இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 1994 டிசம்பரில் கியூபாவில் லாப்ரீக்கு உணவு நஞ்சாகி, வாந்தியின் வேகத்தில் குரல்நாண்கள் கிழிந்தன. ஓய்வெடுக்காமல் பயணம் தொடர்ந்தது. 90-களின் பிற்பாதி நேரலைப் பதிவுகளில் உயர்ந்த சுருதிகள் இறுக்கமாக வருவதன் காரணம் இதுதான். அவற்றை வைத்து அவர் குரலை எடைபோட வேண்டாம்.

'எ சேஞ்ச் ஆஃப் சீசன்ஸ்' ஈ.பி.யின் தலைப்புப் பாட்டு 23 நிமிடம், ஏழு பகுதிகள். 1989-இலேயே எழுதியது; 'இமேஜஸ்' ஆல்பத்தில் இடம் கிடைக்காமல் காத்திருந்தது. விமான விபத்தில் இறந்த தன் தாயை நினைத்துப் போர்ட்னாய் எழுதிய வரிகள். நீளமான பாட்டுக்குப் பழக இதைவிட நல்ல பயிற்சிக்களம் இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு பகுதிக்கும் தனி முகம் உண்டு, எங்கே இருக்கிறோம் என்று தொலைந்துபோக மாட்டீர்கள். ஷெரீனியன் வாசித்த முதல் பதிவும் இதுவே.

படி 5: நான்கு ஆல்பச் சங்கிலி

இனி ரூடெஸ் காலம். நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப் பள்ளியில் ஒன்பது வயதில் சேர்ந்த பியானோக்காரர். பெட்ரூச்சியும் போர்ட்னாயும் அவரோடு லிக்விட் டென்ஷன் எக்ஸ்பெரிமென்ட் என்ற பக்கக் குழுவில் வாசித்துப் பார்த்து, விடாமல் இழுத்து வந்தார்கள்.

'சீன்ஸ்' முடிவில் வந்த இரைச்சல் நினைவிருக்கிறதா? அடுத்த ஆல்பமான 'சிக்ஸ் டிகிரீஸ் ஆஃப் இன்னர் டர்புலன்ஸ்' (2002) அந்த இரைச்சலில்தான் தொடங்குகிறது. அதன் முடிவில் நீளும் பெரிய ஸ்வரக்கூட்டம் 'ட்ரெயின் ஆஃப் தாட்' (2003) தொடக்கத்தில் காதில் விழும். அது முடியும் ஒற்றைப் பியானோ ஸ்வரம் 'ஆக்டேவேரியம்' (2005) தொடக்கம். 'ஆக்டேவேரியம்' தன் முடிவில் தன் தொடக்கத்துக்கே வந்து சேர்கிறது. பாம்பு வாலைக் கவ்விக்கொண்டதும் சங்கிலி மூடிவிடுகிறது. இந்த நான்கின் கடைசி நிமிடத்தையும் முதல் நிமிடத்தையும் மட்டும் ஒரு பட்டியலாகப் போட்டு ஓட்டிப் பாருங்கள்.

எண் விளையாட்டும் உண்டு. ஆறாம் ஆல்பத்தில் ஆறு பாட்டு, ஏழாவதில் ஏழு, எட்டாவதில் எட்டு. 'ஆக்டேவேரியம்' அட்டையில் தொங்கும் பந்துகள் எட்டு, பறவைகள் ஐந்து. ஒரு ஸ்தாயியின் வெள்ளைக் கட்டைகளும் கறுப்புக் கட்டைகளும். எட்டுப் பாட்டும் வெவ்வேறு சுருதியில் படியேறி, கடைசியில் தொடங்கிய ஸ்வரத்துக்கே வந்து நிற்கின்றன.

தலைப்புப் பாட்டு 24 நிமிடம். முதல் சில நிமிடங்களில் கேட்கும் வழுக்கும் ஒலி கிட்டார் என்று பலர் நினைப்பார்கள். வாசிப்பது ரூடெஸ்தான்: விரலை இழுத்து ஸ்வரத்தை வளைக்கக்கூடிய கன்டினியூயம் என்ற கருவியிலும், மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிட்டாரிலும். எதுவும் நடக்காததுபோல் இருக்கும் அந்த இடத்தில் முன்னோட்டி ஓட்டிவிடுகிறவர்கள், முடிவில் இசைக்குழுவோடு வரும் பெருக்கத்தின் பலத்தை இழப்பார்கள். கீழிருந்து ஏறினால்தானே உயரம் தெரியும்.

'ட்ரெயின் ஆஃப் தாட்' இந்த நான்கில் முரட்டுத்தனமானது. மெட்டாலிகா ரகக் கேட்போர் இதில் தொடங்கினாலும் பழுதில்லை. ஆனால் சோலோக்கள் சில இடங்களில் பாட்டை மறந்து ஓடுகின்றன. மூன்றாம் முறை கேட்கையில் அது உறுத்தும்.

படி 6: பன்னிரு படித் தொகுதி

இதற்கு நீங்களே ஒரு பட்டியல் உண்டாக்க வேண்டும், ஏனென்றால் இது ஐந்து ஆல்பங்களில் சிதறிக் கிடக்கிறது. வரிசை: 'தி கிளாஸ் பிரிசன்' (2002), 'திஸ் டையிங் சோல்' (2003), 'தி ரூட் ஆஃப் ஆல் ஈவில்' (2005), 'ரிபென்டன்ஸ்' (2007), 'தி ஷாட்டர்ட் ஃபோர்ட்ரஸ்' (2009). மொத்தம் ஏறக்குறைய 57 நிமிடம். குடிப்பழக்கத்திலிருந்து போர்ட்னாய் மீண்ட கதை; மதுவிலிருந்து மீள்வோர் பின்பற்றும் பன்னிரண்டு படிகளை ஐந்து பாட்டுகளில் 3, 2, 2, 2, 3 என்று பங்கிட்டிருக்கிறார்.

'தி ஷாட்டர்ட் ஃபோர்ட்ரஸ்' பாட்டைத் தனியாகக் கேட்டவர்கள் 'பழைய ரிஃப்களையே மறுபடி வாசிக்கிறார்கள், சரக்கு தீர்ந்துவிட்டது' என்று குறை சொன்னதுண்டு. பட்டியலில் ஐந்தாவதாகக் கேட்டால் அந்தக் குறை நிற்காது. முந்தைய நான்கின் ரிஃப்களும் அதில் வேண்டுமென்றே திரும்ப வருகின்றன.

2007-இன் 'சிஸ்டமேட்டிக் கேயாஸ்' ஆல்பத்தில் 'ரிபென்டன்ஸ்' தவிர, இரண்டாக வெட்டி முதலிலும் கடைசியிலும் வைத்த 'இன் தி பிரசன்ஸ் ஆஃப் எனிமீஸ்' இரு பகுதிகளையும் ஒட்டிக் கேளுங்கள், மற்றவை அவசரமில்லை. 2009-இன் 'பிளாக் கிளவுட்ஸ் அண்ட் சில்வர் லைனிங்ஸ்' அமெரிக்க பில்போர்டு பட்டியலில் ஆறாம் இடம் வரை போனது. அதன் கடைசிப் பாட்டு 'தி கவுண்ட் ஆஃப் டஸ்கனி' 19 நிமிடம். வரிகள் சற்று அசட்டுத்தனம், நடுவே வரும் மெல்லிய கிட்டார்ப் பகுதி தூய தங்கம்.

படி 7: மாஞ்சினி காலம், 2011 முதல் 2021 வரை

2010 செப்டம்பரில் போர்ட்னாய் விலகினார். ஏழு டிரம்மர்களைச் சோதித்து, பெர்க்லியில் கற்பித்துக்கொண்டிருந்த மாஞ்சினியை எடுத்தார்கள். 'எ ட்ரமாட்டிக் டர்ன் ஆஃப் ஈவென்ட்ஸ்' (2011) கேட்கும்போது டிரம்ஸ் துல்லியமாக, ஆனால் சற்றுக் கட்டுப்பட்டு இருப்பதை உணர்வீர்கள். பெட்ரூச்சி கணினியில் எழுதி வைத்த டிரம்ஸைத்தான் மாஞ்சினி கற்று வாசித்தார். 2013 ஆல்பம் முதல் அவரே சேர்ந்து இயற்றினார். இருவரையும் ஒப்பிடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

'தி அஸ்டானிஷிங்' (2016) என்றால் மட்டும் எச்சரிக்கை மணி: 34 ட்ராக், இரண்டு மணி பத்து நிமிடம், எதிர்காலப் பேரரசில் நடக்கும் கதை. ஒரே அமர்வில் கேட்காதீர்கள். இரண்டு அங்கங்களாகப் பிரித்திருக்கிறார்கள், இரண்டு நாளாகக் கேளுங்கள், பாத்திரப் பட்டியல் கையில் இருக்கட்டும். அப்படியும் ஒட்டவில்லையென்றால் குற்ற உணர்வு வேண்டாம். தீவிர ரசிகர்களே இதில் இரண்டு கட்சி.

அதற்கு மாற்று மருந்துபோல் வந்தது 'டிஸ்டன்ஸ் ஓவர் டைம்' (2019): நியூயார்க் மாநிலத்தில் ஒரு களஞ்சியத்தில் எல்லோரும் தங்கி எழுதிய, ஒரு மணிக்குள் முடியும் கச்சிதமான ஆல்பம். அடுத்து 'எ வியூ ஃப்ரம் தி டாப் ஆஃப் தி வேர்ல்டு' (2021). இதன் முதல் பாட்டு 'தி ஏலியன்' 2022 ஏப்ரலில் குழுவுக்கு முதல் கிராமி விருதைக் கொண்டுவந்தது. அந்த விருதுப் பாட்டின் டிரம்ஸ் மாஞ்சினியுடையது என்பதைப் போர்ட்னாய் பக்தர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

படி 8: 'பாராசோம்னியா', பிறகு விட்டுப்போனவை

பாராசோம்னியா என்றால் தூக்கத்தில் நேரும் கோளாறுகள். எட்டு ட்ராக், 71 நிமிடம், எல்லாம் அதைச் சுற்றியே. 'நைட் டெரர்' பாட்டை மாஞ்சினி காலப் பாட்டு ஒன்றை அடுத்துப் போடுங்கள். போர்ட்னாயின் அடியில் ஒரு துள்ளலும் கொஞ்சம் அழுக்கும் உண்டு. பேஸ் டிரம்மும் ரிஃபும் கட்டிப் புரளும். கேட்ட மாத்திரத்தில் ஆள் திரும்பி வந்தது தெரியும்.

விட்டுப்போனவற்றில் 'ஃபாலிங் இன்டு இன்ஃபினிட்டி' (1997) இசை வெளியீட்டு நிறுவனத்தின் நெருக்கடியில் பிறந்தது. இரட்டை ஆல்பமாக வந்திருக்க வேண்டியதைச் சுருக்கினார்கள், ஒரு பாட்டைச் செப்பனிட வெளியிலிருந்து பாடலாசிரியர் டெஸ்மண்ட் சைல்டு வந்தார். அதையும் மீறி, மியாங் சாப்மன் ஸ்டிக் (விரல்களால் தட்டி வாசிக்கும் தந்தி வாத்தியம்) வாசிக்கும் 'நியூ மில்லெனியம்' போன்றவை நிற்கின்றன.

முதல் ஆல்பம் 'வென் ட்ரீம் அண்ட் டே யுனைட்' (1989) இப்போது கேட்டால் இனிக்கும். பாடுகிறவர் சார்லி டொமினிச்சி. வாத்தியப் பாட்டின் பெயர் 'தி இட்ஸி ஜாம்'. ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாகப் படித்தால் மெஜஸ்டி. ஒலிப்பதிவின் மெலிவு உறுத்தினால் 2004 மார்ச் 6 அன்று, ஆல்பத்தின் பதினைந்தாம் ஆண்டு நாளில், லாஸ் ஏஞ்சலிஸில் முழு ஆல்பத்தையும் லாப்ரீ பாடிய நேரலைப் பதிவை எடுங்கள். கடைசியில் டொமினிச்சியும் ஷெரீனியனும் மேடையேறிச் சேர்ந்து வாசிக்கிறார்கள். வாசிக்கும் பாட்டு, 'மெட்ரோபொலிஸ் பகுதி 1'.